லாரிக்காரர் அடைக்கு உட்கார்ந்தது

லாரிக்காரர் அடைக்கு உட்கார்ந்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். அந்த வாரம் பஞ்சு விலை ஏறியிருந்தது, வெங்காயம் இறங்கியிருந்தது, தெருக்குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் தெருவில் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். வளர்ந்த மனிதர் ஒருவர் முட்டைகளின் மேல் உட்கார்ந்து அடைகாப்பது அந்தப் பக்கத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. ஆனால் நடந்த பிறகு, அப்படியெல்லாம் நடக்காது என்று வாதாட யாரும் முன்வரவில்லை. "அந்த மனுஷன் மூணு நாள் சேர்ந்தாப்பல வீட்டுல இருக்காரே, அதை விடவா இது பெரிசு" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. லாரிக்காரர் மாதத்தில் முக்கால்வாசி நாள் சாலையில்தான் இருந்தார். சிமெண்ட், சர்க்கரை மூட்டை, டைல்ஸ், எது ஏற்றினாலும் எடுத்துக்கொண்டு போவார். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று நீண்ட லோடாகக் கேட்டு வாங்குவார். வீட்டுக்கு வந்தாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. தீப்பெட்டி எங்கே இருக்கிறது, எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் மனைவி தலையணை தைப்பவள். லாட்ஜுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் புதிதாகக் குடித்தனம் வருபவர்களுக்கும் தைத்துத் தருவாள். முன்னறையில் கூரை வரைக்கும் பஞ்சு. அந்த வீட்டுக்குள் போய்வந்தவர்களைத் தெருவில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம், புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். தெருவுக்கு அவள் தலையணைக்காரி. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. புருஷன் பெண்சாதிக்குள் சண்டை என்று ஒன்று கிடையாது. சண்டை போடுவதற்காவது இரண்டு பேர் ஒரு வீட்டில் இருக்க வேண்டும்.

தனியாக இருக்கிறோமே என்று அவள் கோழி வளர்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன இரண்டு கோழிகள் திரும்பிப் போக மறுத்ததால் ஆரம்பித்தது. இப்போது கொல்லையில் ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. அவற்றில் பழுப்பு நிறப் பெட்டைக்குப் போலீஸ்காரி என்று பெயர். யாராவது கொல்லைக் கதவைத் திறந்தால் முதலில் வந்து தலையைச் சாய்த்து விசாரிப்பாள். அந்தப் போலீஸ்காரிதான் முதலில் அடைக்கு வந்தாள். காலையில் கூட்டைத் திறந்ததும் எல்லாம் இரைக்குப் பாய்ந்தன, அவள் மட்டும் வரவில்லை. பெட்டியில் தட்டையாகப் பரந்து கிடந்தாள். கையை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு இரண்டு மடங்கு ஆனாள். தொண்டைக்குள்ளிருந்து கொர் என்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றில் இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தாள், வெறும் தோல் சுட்டது. கொண்டையும் வெளுத்துப்போயிருந்தது. நாளுக்கு ஒரு தடவை எழுந்து அவசர அவசரமாக நாலு தானியம், ஒரு வாய் தண்ணீர், மூக்கைப் பிடித்துக்கொள்ள வைக்கும் அளவுக்கு ஒரு பெரிய எச்சம், அப்புறம் மறுபடியும் பெட்டி. இத்தனையும் சேர்ந்தால் அது அடைதான், வேறொன்றுமில்லை.

குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால் தலையணைக்காரிக்கு அப்போது குஞ்சு வேண்டியிருக்கவில்லை. அடை தெளிய வைக்கப் பார்த்தாள். பெட்டைக்கு வயிறு சூடாக இருக்கும் வரை அடை இறங்காது, வயிற்றைக் குளிர வைத்தால் தானாக இறங்கும். அதனால் போலீஸ்காரியை வாளித் தண்ணீரில் வயிறு நனைய உட்கார வைத்தாள். அடியில் கம்பி வலை போட்ட கூண்டில் விட்டு, காற்று கீழிருந்து வரும்படி இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தாள். நாலு நாள் கழித்துத் திறந்துவிட்டால் அவள் ஜாமீனில் வந்தவள் மாதிரி நேராகப் பெட்டிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். சரி, பிடிச்ச பிடியில் நிற்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையணைக்காரி விட்டுக்கொடுத்தாள். மற்றக் கோழிகளின் தொந்தரவு இல்லாத மூலையில், ஒரு பழைய மேஜையின் இழுப்பறையில் உலர்ந்த புல் பரப்பி, பதினொரு முட்டைகளை ஒரே நாளில் அடியில் வைத்தாள். பின்னால் வேறு ஏதாவது பெட்டை வந்து முட்டையிட்டுவிட்டுப் போனால் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

அடை பாதியில் இருக்கும்போது கீரி வந்தது. தலையணைக்காரி அப்போது வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தலையணை கொண்டுபோயிருந்தாள். லாரியின் கியர்பாக்ஸ் ஒர்க்‌ஷாப்பில் பிரிந்து கிடந்ததால் லாரிக்காரர் வீட்டில் இருந்தார். கொல்லையில் கோழிகள் கூப்பாடு போடுவது கேட்டுப் போய்ப் பார்த்தார். எல்லாம் மதில்மேல் ஏறி நின்றன. சாக்கடை ஓட்டை வரைக்கும் பழுப்பு இறகு சிதறிக் கிடந்தது. இழுப்பறையில் பதினொரு முட்டைகளும் அப்படியே இருந்தன. ஒன்றைத் தொட்டார், கதகதப்பாக இருந்தது. இன்னொன்றைத் தொட்டார், அது அந்த அளவுக்கு இல்லை. சட்டையைக் கழற்றி மூடினார். மேலே உள்ளங்கைகளை வைத்துப் பார்த்தார். சூடு இறங்குவது கைக்கே தெரிந்தது. வேறு வழி தோன்றாமல் குத்துக்காலிட்டு, மெதுவாக இறங்கி, முட்டைகளின் மேல் உட்கார்ந்தார்.

தலையணைக்காரி திரும்பி வந்தபோது அவர் முழங்கால்கள் இரண்டும் இழுப்பறைக்கு வெளியே நிற்க, கைகள் இரண்டையும் பக்கவாட்டில் அணைத்தாற்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கீரி தூக்கிட்டுப் போயிடுச்சு. இதெல்லாம் ஆறிட்டே இருந்துச்சு."

"நசுங்கிடும், எழுந்திருங்க."

"நசுங்கலை. பாரு."

அவள் கையை உள்ளே விட்டாள். விட்டதும் அவர் தலைமுடி சிலிர்த்து நின்றது, தொண்டையிலிருந்து கொர் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவரே திரும்பிப் பார்த்தார். எண்பது கிலோ ஆளின் கீழே பதினொரு முட்டைகளும் கீறல் விழாமல் இருந்தன. ரொட்டிக்கடை அடுப்புக்குள் இருக்குமே, அது மாதிரி காய்ந்த, சீரான சூடு. அவள் கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. சாயங்காலம் ஒருமுறை எழுந்தார், நின்றபடியே நாலு கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், அவசரமாகக் கழிவறைக்குப் போய்வந்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். தலையணைக்காரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் பனியனைத் தூக்கிப் பார்த்தபோது நெஞ்சிலும் வயிற்றிலும் முடி இல்லை. அவரே பிடுங்கி முட்டைகளைச் சுற்றிப் பதமாகப் பரப்பியிருந்தார். அதற்கப்புறம் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கோழியில் எதையெல்லாம் பார்த்து அடை என்று முடிவு செய்வாளோ அதெல்லாம் வரிசையாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரி சொல்லி ஒரு டாக்டர் வந்தார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து உதறிவிட்டு மறுபடியும் வைத்தார். இவ்வளவு ஜுரத்தில் மனிதர் இப்படித் தெளிவாக உட்கார்ந்திருக்க முடியாதே என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்துப் போனார். மாத்திரை வேலை செய்யவில்லை. பக்கத்துத் தெருவில் மாட்டுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தார். அவர் தெர்மாமீட்டரே எடுக்கவில்லை, புறங்கையை மட்டும் அடியில் விட்டுப் பார்த்தார். "கோழிக்கு இதான் கணக்கு. குடிக்கத் தண்ணி பக்கத்துலயே வெய்ங்கம்மா. வெயில் படாம பார்த்துக்குங்க" என்றார்.

திங்கட்கிழமை லாரி தயாராகிவிட்டது. முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினார். தலையணைக்காரி யோசித்தாள். முட்டை போனால் போகிறது, வேலை போனால் திரும்பக் கிடைக்காது. அந்த வயதில் அவரை யார் புதிதாக வைத்துக்கொள்வார்கள்? அதனால் கோழிக்கு என்ன செய்தாளோ அதையே அவருக்கும் செய்வதென்று முடிவெடுத்தாள். கூடத்தில் இரும்புக் கட்டிலிலிருந்து மெத்தையை உருவினாள். வெறும் கம்பி வலை நின்றது. அடியில் மேஜை விசிறியை மேல்நோக்கித் திருப்பி ஓட விட்டாள். கொல்லைக்குப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். அடையில் இருக்கும் கோழியைத் தூக்கினால் எப்படித் துவண்டு, கனமே இல்லாமல் வருமோ அப்படி வந்தார். கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கு ஈரத் துண்டு கட்டினாள். "முட்டையைப் பத்திக் கவலைப்படாதீங்க. பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, சுத்திப் பஞ்சு வெச்சிருக்கேன். நான் பார்த்துக்கறேன்" என்றாள். துண்டு காய்ந்துகொண்டே இருந்தது. அவள் நனைத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். முன்னறைக்கும் கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்து அவளுக்குக் கால் விட்டுப்போயிற்று.

மறுநாள் பிற்பகலில் துண்டை மாற்ற வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள். அவர் வெறும் கம்பி வலையின் மேல், அடியில் எதுவுமே இல்லாமல், கைகளைக் கூட்டி எதையோ அணைத்தபடி பரந்து கிடந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, அங்கே இல்லாத ஒன்றை விரலால் மெதுவாகத் திருப்பிவிட்டார்.

"எழுந்து உட்காருங்க. ஒரு வாய் டீ குடிங்க."

"அன்னைக்கு நான் இருந்திருந்தா, கையிலயாவது வெச்சிருந்திருப்பேன்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பதினாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத விஷயம் அது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், நாள் நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது, அவளுக்கு வலி வந்தது. அவர் எங்கேயோ தூரத்தில் சர்க்கரை மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். செல்போன் இல்லாத காலம். பெண் குழந்தை, உள்ளங்கையில் அடங்கிவிடும். விடிகாலையில் பிறந்து விளக்கு வைக்கும்வரை இருந்தது. அவர் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. வழியில் ஒரு கடையில் கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு, படியில் தாவி ஏறி உள்ளே வந்தார். அவள் மிஷினில் உட்கார்ந்து தலையணை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பிதான் அவரை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னான். அவர் திரும்பி வந்து தண்ணீர் குடித்தார், அவள் மிஷினை நிறுத்தவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவர் நீண்ட லோடாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஓடுகிறார் என்று அவள் நினைத்தாள். தன்னைப் பார்த்தால் அவளுக்கு ஆத்திரம் வரும் என்று அவர் நினைத்தார்.

"சில்லுனு போயிடுச்சு மாமான்னு உன் தம்பி சொன்னான்" என்றார் லாரிக்காரர். "வேற எதுவும் ஞாபகம் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கேபினுக்குள்ள அது உக்காந்திருக்கும்."

அவள் விசிறியை அணைத்தாள். ஈரத் துண்டை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் போட்டாள். அவர் கையைப் பிடித்து எழுப்பி, கொல்லைக்கு அழைத்துப்போய், வெந்நீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இடம் பண்ணிக்கொடுத்தாள். அவர் இறங்கி உட்கார்ந்ததும் இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி சூடு எழும்பியது. அவள் அங்கேயே பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர். தெரு முழுக்க அவர்கள் பின்னால் கொல்லைக்கு வந்துவிட்டது. மாவு மில்லில் ஆளுக்கு ஒரு மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறுகிறவர்கள் அவர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். லாரிக்காரர் தட்டையாகப் பரந்தார், அவ்வளவுதான் செய்தார். ஒரு நூல்கூட அசையவில்லை. லோடு ஏற்றிய வண்டியைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். கீழே முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தங்கச்சி, லோடு நிக்குது" என்றார் முதலாளி. "நீ எழுப்பினா எழுந்திருப்பான்னு சொல்றாங்க. எழுப்பி விடு."

"எழுப்ப மாட்டேன் முதலாளி. அடைக்கு உக்காந்ததை நடுவுல எழுப்பினா அதுவும் உருப்படாது, முட்டையும் உருப்படாது. நானே ரெண்டு நாள் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை பொரிச்சிடும், பொறுத்துக்குங்க."

"அதுவரைக்கும் வண்டியை யார் ஓட்டறது?"

"நீங்க ஓட்டுங்க. ஓட்டித்தானே முதலாளி ஆனீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் குனிந்து, உண்மையிலேயே சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கையை உள்ளே விட்டார். விட்ட கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்க வீட்டுலயும் கோழி இருக்கு" என்றார். "ஒரு நாலு முட்டை கொண்டாந்து சேர்த்து வெச்சிடலாமா?"

"இப்ப சேர்க்கக் கூடாதுங்க. இது ஒரு நாள்ல பொரிக்கும், அது ஒரு நாள்ல பொரிக்கும், அடை கலைஞ்சு போயிடும். அடுத்த தடவை சொல்லி அனுப்பறேன்."

முதலாளி அந்த லோடைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர், இடுப்பு வலியோடும் நல்ல பசியோடும் திரும்பி வந்ததாகவும், அந்த வாரம் முழுக்க யாரையும் திட்டவில்லை என்றும் ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு வரைக்கும் இருந்த நாட்களைத் தலையணைக்காரி பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வாள். தையல் மிஷினைக் கொல்லைக்கு நகர்த்திவிட்டாள். அவரால் எங்கேயும் போக முடியாது. அவளுக்குப் பேச நிறைய இருந்தது. பதினாலு வருஷத்தில் தெருவில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்தக் கூரை ஒழுகியது, எந்த லாட்ஜ்காரன் தலையணையைத் திருப்பி அனுப்பினான், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே விரலால் முட்டைகளைத் திருப்பிவிடுவார். மற்றக் கோழிகள் அவரைத் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டன, அவர் முதுகில் ஏறி நின்று மதில்மேல் தாவின. சேவல் மட்டும் முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றது, அப்புறம் சாக்கடை ஓட்டைக்குக் காவல் நின்றது. ஒரு மத்தியானம் இருவர் தலைக்கும் மேல் கறுப்புப் போர்வையைப் போர்த்தி, உள்ளே டார்ச் அடித்து முட்டைகளைப் பார்த்தாள். சிவப்பு நரம்பு ஓடி, உள்ளே நிழல் அசைந்தால் நல்ல முட்டை. இரண்டு மட்டும் வெறும் விளக்கு மாதிரி ஒளி விட்டன.

"இது ரெண்டும் கூமுட்டை. குடுங்க."

"இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே."

"கூமுட்டைங்க. எத்தனை நாள் பார்த்தாலும் கூமுட்டைதான்."

"என்னையவா சொல்றே?" என்றார் அவர். இருவரும் போர்வைக்குள்ளேயே சிரித்தார்கள். அந்த நாட்களில் அவர் உடம்பு முடி பறந்து பஞ்சில் கலந்திருக்க வேண்டும். அந்த வாரம் தைத்த தலையணைகள் எல்லாம் எடுத்த எடுப்பிலேயே கதகதப்பாக இருந்தன, அந்தச் சூடு ஆறவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவற்றுக்கு மட்டும் நோயாளிகள் சண்டை போடுவதாகவும், இன்னும் ஒரு டஜன் வேண்டுமென்றும் நர்ஸ் ஆள் அனுப்பினாள். அந்த மாதிரி வராது, இது ஒரு தடவைதான் என்று தலையணைக்காரி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அவள் அவரைத் தொந்தரவு பண்ணவில்லை. பொரிக்கும் நேரத்தில் தொடக் கூடாது. ஞாயிறு காலை அவர் கையைத் தூக்கி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். அவர் அதற்குத் தொண்டையிலிருந்து பதில் சொன்னார். மத்தியானத்துக்குள் முதல் குஞ்சு அவர் முழங்கை இடுக்கில் ஈரத் தலையை நீட்டியது. விளக்கு வைப்பதற்குள் எட்டு. அவள் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டு விட்டாள், நொய்யை இடித்துப் போட்டாள். ஒன்பதாவது முட்டை அப்படியே இருந்தது.

வழக்கமாக ஒரு நாள், ஒன்றரை நாள் பார்த்துவிட்டு, பொரித்தவற்றைக் கூட்டிக்கொண்டு கோழி எழுந்துவிடும். மிச்சம் கிடப்பதைத் திரும்பிப் பார்க்காது. லாரிக்காரர் எழவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. எட்டுக் குஞ்சுகளும் அவர் தோளிலும் மடியிலும் ஓடிக்கொண்டிருந்தன, அவர் அந்த ஒன்றை மட்டும் அடிவயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையணைக்காரி முட்டையைக் காதருகே வைத்துக் கேட்டாள். கிண்ணத்து வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். இது ஆடவில்லை.

"போயிடுச்சுங்க" என்றாள்.

"நான் சூடாத்தானே வெச்சிருந்தேன்."

"சூடாத்தான் வெச்சிருந்தீங்க. யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. சில சமயம் கூடவே இருந்தாலும் இப்படி ஆகும்." முட்டையைத் துடைத்து அவர் மடியில் வைத்துக்கொண்டே, "நான் அன்னைக்குக் கூடவேதான் இருந்தேன். நெஞ்சுமேலதான் போட்டிருந்தேன், ஒரு நிமிஷம் இறக்கலை. இருந்தும் ஆறிப்போச்சு" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளும் அதே பதினாலு வருஷம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதற்கு முன் வரை அவரிடமிருந்த அந்தச் சூடு மெல்ல இறங்கி, மனிதச் சூடானது.

"எங்க வெச்சீங்கன்னு நான் கேட்டதே இல்லை" என்றார்.

"வாங்க, காட்டறேன்."

அன்று காலை அவர்கள் இருவரும் தெருவில் நடந்து போனதைப் பார்த்தவர்கள் நிறைய. அவள் முந்தானையில் முட்டையைப் பொதிந்து வைத்திருந்தாள். அவர் ஒரு சின்ன மண்வெட்டியோடு நடந்தார், பின்னால் எட்டுக் குஞ்சுகள் ஒரே வரிசையில். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று வழிவிட்டார்கள். ஒரு பஸ் நின்றது, டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் மதிலோரம், கல்லும் பெயரும் இல்லாத ஒரு மேட்டைத் தலையணைக்காரி தயங்காமல் காட்டினாள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு வந்து மண் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், யாரிடமும் சொன்னதில்லை. அவர் மேட்டுக்குப் பக்கத்தில் தோண்டி முட்டையை வைத்து மூடினார். அப்புறம் பெரிய மேட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குஞ்சுகள் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. தலையணைக்காரி அவர் முதுகில் கை வைத்தாள். போலீஸ்காரியை நினைத்துக்கொண்டாள், கீரியை நினைத்துக்கொண்டாள், உடைந்த கியர்பாக்ஸை நினைத்துக்கொண்டாள். அத்தனைக்கும் தான் கடன்பட்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கீரியைக்கூட அதற்குப் பிறகு அவள் திட்டியதில்லை. சாக்கடை ஓட்டையை மட்டும் வலை போட்டு அடைத்தாள்.

முதலாளி அவருக்குச் செங்கல் லோடு கொடுத்தார். காலையில் போனால் பொழுது சாய்வதற்குள் வீடு. எட்டில் மூன்று சேவல், ஐந்து பெட்டை. ஐந்தும் கேபினுக்குள்ளேயே முட்டையிடப் பழகிவிட்டன. வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும்போது, லாரிக்காரர் ஒரு நாள் காலையில் டீ குடிக்க வராமல் கொல்லையில் தட்டையாகப் பரந்திருப்பார். தலையணைக்காரி பனியனைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதலாளிக்குச் சொல்லி அனுப்புவாள். அவர் தன் நாலு முட்டையோடு வந்து, சாவியை வாங்கிக்கொண்டு, மூன்று வாரத்துக்கு வண்டியைத் தானே எடுத்துப் போவார். ஒரு வருஷம் பக்கத்துத் தெருவில் ஒருவர் வாத்து முட்டை கொண்டுவந்தார். அதற்கு இன்னும் ஒரு வாரம் கூட ஆகும் என்று அவள் சொன்னாள். ஆகட்டும் என்று லாரிக்காரர் உட்கார்ந்தார். லாரிக்காரர் வீட்டில் வேறு குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டார்கள், பேச முடிந்தது.

போன குளிருக்கு எதிர்வீட்டுக்காரியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பையன். தொட்டிலில் போட்டால் அழுகை, தூக்கினால் அழுகை, தெருவே கண் சிவந்து கிடந்தது. ஒரு பிற்பகல் எதிர்வீட்டுக்காரி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் கொல்லைக்கு வந்தாள். குஞ்சு பொரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. லாரிக்காரர் அவளைப் பார்த்து வலது முழங்கையைக் கொஞ்சம் தூக்கினார். அவள் பிள்ளையை அந்த இடுக்கில் வைத்தாள். அவர் முழங்கையை இறக்கிக்கொண்டார். தலையணைக்காரி மிஷினின் வேகத்தைக் குறைத்தாள்.

சாயங்காலம் மகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "தூங்கிட்டானா அக்கா?"

"அவன் அப்பவே தூங்கிட்டான்" என்றாள் தலையணைக்காரி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "குஞ்சுங்கதான் இன்னும் தூங்கலை. நீ போய்ப் படு."